மூடி போனால் முழுதும் போகும்!



வீட்டில் ஒரு மூக்குத்தித் திருகாணி தொலைந்துவிட்டால் என்ன பாடுபடுகிறோம்! பாயை உதறுகிறோம்; குப்பையைக் கிளறுகிறோம்; பிள்ளைகளை நாலு மூலைக்கும் ஓட விடுகிறோம். ஆனால் கொல்லையில் நிற்கும் டிரம்மின் மூடி தொலைந்தால்? தண்ணீர்க் குழாயின் நுனியில் இருந்த பிளாஸ்டிக் தொப்பி கழன்று விழுந்தால்? "போனால் போகட்டும், அது என்ன தங்கமா?" என்று காலால் ஒதுக்கிவிட்டு நடக்கிறோம்.

"மூடியைப் பற்றி ஒரு கட்டுரையா?" என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் படித்து முடித்துவிட்டு ஒரு தடவை உங்கள் வீட்டைச் சுற்றி வந்து பாருங்கள். தோட்டத்து வீடாக இருந்தாலும் சரி, பட்டணத்துத் தாமானாக இருந்தாலும் சரி, மூடியில்லாத டிரம் ஒன்று, வாய் பிளந்த குழாய் ஒன்று, கட்டாயம் உங்கள் கண்ணில் படும். நோயும், நஞ்சும், நெருப்பும் நம் வீட்டுக்குள் நுழைய அந்த வாய் ஒன்று போதும்.

மரை என்றால் என்ன?

குழாயின் நுனியைத் தடவிப் பாருங்கள். பல் பல்லாக, சுற்றிச் சுற்றி ஒரு கோடு ஓடுகிறதல்லவா? அதுதான் மரை. மலைக்கு ஏறும் வளைந்த பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். நேராக ஏற முடியாத வண்டி சுற்றிச் சுற்றி உச்சியை அடைகிறது. அப்படியே மூடியும் மரையில் சுற்றிச் சுற்றி இறங்கி, இறுதியில் இறுகிக்கொள்கிறது. வெளியே வெட்டியது வெளி மரை. உள்ளே வெட்டியது உள் மரை. இரண்டின் பற்களும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தினால்தான் பிடிப்பு.

ஒரு காலத்தில் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒவ்வொரு மரை இருந்தது. ஒருவர் செய்த ஆணி இன்னொருவர் செய்த நட்டில் ஏறாது. இந்தக் குழப்பத்தைக் கண்டு சலித்தவர் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர். 1841-ஆம் ஆண்டில், மரையின் பல் 55 பாகைக் கோணத்தில் இருக்க வேண்டும், இந்தத் தடிமனுக்கு ஓர் அங்குலத்தில் இத்தனை பல் இருக்க வேண்டும் என்று அவர் ஒரு திட்டத்தை முன்வைத்தார். அந்த 55 பாகைதான் பிரிட்டிஷ் குழாய் மரையாக உலகைச் சுற்றி, மலாயாவுக்கும் வந்து சேர்ந்தது. இன்று பத்து பாகாட் பட்டணத்து இரும்புக் கடையில் அரை அங்குல சாக்கெட்டு வாங்கி, நம் வீட்டுக் குழாயில் மாட்டினால் அது பொருந்துகிறது. 180 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதர் போட்ட ஒழுங்கின் பலன் அது.

அரை அங்குலக் குழாயில் ஓர் அங்குல நீளத்துக்கு 14 பற்கள். ஓர் அங்குலக் குழாயில் 11 பற்கள். இந்தச் சின்னஞ்சிறு பற்களில் முதல் இரண்டு நசுங்கினாலே போதும். சாக்கெட்டு கோணலாக ஏறும். கோணலாக ஏறியதை ஸ்பேனர் போட்டு முறுக்கினால் மீதிப் பற்களும் அழியும். பிறகு வெள்ளை டேப்பை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் கசிவு நிற்காது. டேப் என்பது பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள மயிரிழை இடைவெளியை அடைக்கத்தானே தவிர, விழுந்த பல்லைக் கட்டுவதற்கு அல்ல.

கசிவு என்றால் எவ்வளவு? என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதையே கணக்காகக் கொடுத்தேன். நொடிக்கு ஒரு சொட்டு. 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 86,400 நொடி. ஆக 4,320 மில்லிலிட்டர், அதாவது நாலு லிட்டருக்கும் மேல். முப்பது நாளில் ஏறக்குறைய 130 லிட்டர். அரை டிரம்முக்கும் அதிகமான தண்ணீர், ஒரு நசுங்கிய பல்லின் வழியாக மண்ணுக்குப் போய்விடுகிறது! விடையைக் கண்ட பிள்ளைகள் தங்கள் கணக்கு தப்போ என்று மறுபடியும் பெருக்கிப் பார்த்தார்கள்.

உப்புக் காற்றும் உரிந்த தோலும்

பத்து பாகாட் என்றால் உளியால் செதுக்கிய கல் என்று பொருள். ஆனால் இந்தப் பட்டணத்துக்கு இன்னொரு பெயர் உண்டு: பண்டார் பெங்காராம். உப்பைக் குறிக்கும் காராம் என்ற மலாய்ச் சொல் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. கடலோரத்து ஊர், உப்புக் காற்று வீசும் ஊர். இரும்போடும் நம் மாவட்டத்துக்குப் பழைய உறவுண்டு. 1921-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ மேடானில் ஜப்பானியர் இரும்புத் தாது வெட்டிக் கப்பலேற்றினார்கள். ஆக இரும்பும் உப்பும் நமக்குப் புதியவையல்ல. அவை இரண்டும் சந்தித்தால் என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியும். துரு!

துருப் பிடிக்காமல் இருக்கத்தான் தண்ணீர்க் குழாய்க்குத் துத்தநாகப் பூச்சு கொடுக்கிறார்கள். வெள்ளி போல மின்னுவது அந்தப் பூச்சுதான். ஆனால் மரை வெட்டும்போது என்ன ஆகிறது? கத்தி அந்தப் பூச்சையும் சேர்த்துச் சீவிவிடுகிறது. உள்ளிருக்கும் வெறும் இரும்பு வெளியே தெரிகிறது. அதுமட்டுமல்ல, மரை வெட்டிய இடத்தில் குழாய்ச் சுவரின் கனமும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடுகிறது. தோலும் உரிந்து, சதையும் மெலிந்த இடம் அது. அதனால்தான் பழைய குழாய் எப்போதும் மூட்டில்தான் முதலில் இற்றுப் போகிறது, நடுவில் அல்ல.

கடையிலிருந்து வரும் குழாயின் நுனியில் சிவப்பிலோ நீலத்திலோ ஒரு பிளாஸ்டிக் தொப்பி இருந்தால் அது அலங்காரத்துக்கு அல்ல. அந்த உரிந்த தோலுக்குப் போட்ட கட்டு அது. லோரியிலிருந்து குழாயை இறக்கும்போது தரையில் மோதி மரை நசுங்காமல் காப்பது ஒன்று. ஈரமும் உப்பும் படாமல் காப்பது இரண்டு. மண்ணும், பல்லியும், குளவிக் கூடும் உள்ளே போகாமல் காப்பது மூன்று. குழாயைப் பொருத்தும் நாளன்று, பொருத்தப் போகும் அந்த நிமிடத்தில்தான் தொப்பியைக் கழற்ற வேண்டும். பிள்ளைகள் விளையாடக் கழற்றிக் கொடுத்துவிட்டு, குழாயை மாதக் கணக்கில் மழையில் போட்டு வைப்பவர்கள், வாங்கிய பொருளின் ஆயுளை வாங்கிய அன்றே பாதியாக்குகிறார்கள்.

இப்போது பல வீடுகளில் பிளாஸ்டிக் குழாய் வந்துவிட்டது. அதற்குத் துரு இல்லை, உண்மைதான். ஆனால் பைப்பை மாட்டும் முனையில் அங்கும் மரை உண்டு. பிளாஸ்டிக் மரை இரும்பு மரையைவிட மென்மையானது. ஒரு தடவை கோணலாகத் திருகினால் அதோடு சரி.

கடலில் கற்றுக்கொள்ள ஒரு பாடம்

ஒரு தொப்பிக்கு இவ்வளவு பெரிய பேச்சா என்று இன்னும் நினைக்கிறீர்களா? அப்படியானால் எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களைப் பாருங்கள். நம் நாட்டில் தெரெங்கானு கரைக்கு அப்பால், தென்சீனக் கடலில் எண்ணெய் எடுக்கிறார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் இன்று அந்தத் தொழிலில் வேலை செய்கிறார்கள். கிணற்றுக்குள் இறக்கும் இரும்புக் குழாய் ஒவ்வொன்றும் சுமார் 12 மீட்டர் நீளம். 3,000 மீட்டர் ஆழத்துக்கு எத்தனை குழாய் வேண்டும்? 250 குழாய். ஒன்றோடொன்று மரையால் இணைக்கப்பட்ட ஏறக்குறைய 250 மூட்டுகள்! அதில் ஒரே ஒரு மூட்டு கசிந்தாலும் கடலடியில் போய் யார் அதைத் திருகுவது?

அதனால் அந்தக் குழாய்கள் ஆலையை விட்டுப் புறப்படும்போதே இரண்டு முனைக்கும் தடித்த காப்புத் தொப்பி போடுகிறார்கள். வெளி மரைக்கு ஒரு விதம், உள் மரைக்கு ஒரு விதம். உள்ளே கிரீஸ் தடவுகிறார்கள். கப்பலில், லோரியில், கிடங்கில் தொப்பியோடுதான் குழாய் பயணம் செய்கிறது. இறக்குவதற்கு முன் கழற்றி, மரையைச் சுத்தம் செய்து, கண்ணால் பார்த்துச் சோதிக்கிறார்கள். கோடிக் கணக்கில் செலவு செய்கிறவர்கள் ஒரு தொப்பியை இப்படி மதிக்கிறார்கள். ஒரு குழாய்க்கு மறு குழாய் வாங்க யோசிக்கும் நாம் அல்லவா அதைவிட அதிகம் மதிக்க வேண்டும்?

டிரம் வந்த கதை

குழாய்க்கு இருப்பது போலவே டிரம்முக்கும் மரை உண்டு. டிரம், தோம்பு, பீப்பாய் என்று ஆளுக்கொரு பெயரில் நாம் அழைக்கும் அந்த இரும்பு உருளைக்கு ஒரு சுவையான கதையும் உண்டு.

முன்பெல்லாம் எண்ணெயை மரப் பீப்பாயில்தான் கொண்டு போனார்கள். வழியெல்லாம் கசியும். நெல்லி பிளை என்ற புனைபெயரில் எழுதிய அமெரிக்கப் பெண் பத்திரிகையாளரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1889-இல் புறப்பட்டு 72 நாளில் உலகைச் சுற்றி வந்தவர் அவர். அந்தப் பயணத்தில் கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய நம் பக்கத்துத் துறைமுகங்களையும் எட்டிப் பார்த்தவர். பின்னாளில் கணவரின் இரும்புச் சாமான் தொழிற்சாலையை அவரே நடத்தினார். அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஹென்றி வேர்ஹான் என்பவர் வடிவமைத்த இரும்பு டிரம்முக்கு 1905-இல் காப்புரிமை கிடைத்தது. இன்று நாம் பார்க்கும் டிரம்முக்கு அதுவே முன்னோடி.

பிரிட்டிஷ் கணக்கில் 44 கேலன். அமெரிக்கக் கணக்கில் 55 கேலன். நம் கணக்கில் 200 லிட்டரும் கொஞ்சமும். அதன் தலையில் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று 2 அங்குலம்; மற்றது முக்கால் அங்குலம். எதற்கு இரண்டு? பெரியது ஊற்ற, சிறியது காற்று நுழைய. சிறியதைத் திறக்காமல் ஊற்றினால் 'குளுக் குளுக்' என்று விட்டு விட்டு வந்து, மேலெல்லாம் தெறிக்கும். எண்ணெய் தெறித்தால் சட்டை போகும்; மருந்து தெறித்தால் கண்ணே போகும்!

பிளாஸ்டிக்கில் வரும் நீல டிரம்மிலும் இரண்டு மூடிகள் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பல நீல டிரம்களில் ஒரு மூடிக்கு நெருக்கமான பற்கள், மற்றதற்கு அகலமான பற்கள். இரண்டும் பார்க்க ஒரே அளவாக இருக்கும். ஆனால் ஒன்று மற்றதில் ஏறாது. ஏறவில்லையே என்று பலம் கொண்ட மட்டும் திருகினால் மூடியும் கெடும், டிரம்மும் கெடும். ஏறாத மூடியைப் பக்கத்துத் துளையில் வைத்துப் பாருங்கள், சுலபமாக உட்கார்ந்துவிடும்.

டிரம் மூச்சு விடுகிறது!

பொழுது சாயும் நேரத்தில் வெயிலில் நின்ற டிரம் 'டங்' என்று தானாகச் சத்தம் போடுவதைக் கேட்டிருப்பீர்கள். பிள்ளைகள் பேய் என்று பயப்படுவார்கள். பேயுமில்லை, பிசாசுமில்லை, டிரம் மூச்சு விடுகிறது!

பகலில் வெயில் ஏற ஏற உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிகிறது. இரவில் குளிர்ந்து சுருங்குகிறது. பாதி டீசல், பாதி காற்று உள்ள டிரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலையில் 25 பாகை வெப்பம், நடுப்பகலில் டிரம்முக்குள் 45 பாகை. உள்ளே இருக்கும் 100 லிட்டர் காற்று 6, 7 லிட்டர் அளவுக்கு விரிந்துவிடும். மூடி சரியாக இறுகவில்லை என்றால் அந்த 6, 7 லிட்டர் காற்று மரையின் வழியே வெளியே போகும். இரவில் அதே அளவு காற்றை டிரம் மறுபடியும் உள்ளே இழுக்கும்.

இழுப்பது காற்றாக இருந்தால் பரவாயில்லை. டிரம்மின் தலைப்பக்கம் விளிம்பு உயர்ந்து, நடு பள்ளமாக இருக்கிறதல்லவா? மாலையில் மழை பெய்து அங்கே தண்ணீர் தேங்கி நின்றால், இரவில் அந்தத் தண்ணீரைத்தான் டிரம் உறிஞ்சும். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால், தேய்ந்த மரையின் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் உள்ளே போகும். யாரும் ஊற்றவில்லை, டிரம்மில் ஓட்டையும் இல்லை, ஆனால் டீசலில் தண்ணீர்! தண்ணீர் டீசலைவிட கனமானது. அது அடியில் போய்த் தங்கும். டிராக்டரும் ஜெனரேட்டரும் அதைக் குடித்துவிட்டு இருமத் தொடங்கும். "எவனோ தண்ணீர் கலந்துவிட்டான்" என்று ஸ்டோர்க்காரர் மீது சந்தேகம் விழும். ஒரு மனிதனின் நேர்மைக்கே கேடு கொண்டு வரக்கூடிய மூடி அது!

இதைத் தடுப்பது கடினமல்ல. டிரம்மைக் கூரைக்கடியில் வையுங்கள். வெளியே வைத்தே ஆக வேண்டுமென்றால் படுக்க வையுங்கள். உருளாமல் இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். படுக்க வைக்கும்போது இரண்டு மூடிகளும் கடிகாரத்தின் 9 மணி, 3 மணி இருக்கும் இடத்தில், ஒரே மட்டமாக இருக்க வேண்டும். அப்போது உள்ளே இருக்கும் எண்ணெயே இரண்டு மூடிகளையும் நனைத்து, ரப்பர் வளையம் காய்ந்து வெடிக்காமல் காக்கும். டிரம் நிற்கத்தான் வேண்டுமென்றால் அடியில் ஒரு பக்கம் கட்டையைக் கொடுத்துச் சாய்த்து வையுங்கள். தேங்கும் தண்ணீர் மூடிகளை எட்டக் கூடாது.

பள்ளத்தில் குடியிருக்கும் நஞ்சு

இனி நான் சொல்லப் போவதைத் தாய்மார்கள் சற்றுக் கவனமாகப் படிக்க வேண்டும்.

தோட்டத்தில் மருந்து அடித்து முடித்த காலி டிரம்மைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். நல்ல கனம், நல்ல நிறம், மூடியோடு சும்மா கிடைக்கிறது. "நாலு தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவினால் தீர்ந்தது" என்று தண்ணீர் பிடித்து வைக்க எடுத்து வந்துவிடுகிறோம். மருந்து அடிக்கும் வேலையில் பெரும்பாலும் பெண்கள் இருந்ததால், அந்த டிரம்மும் அவர்கள் கையாலேயே வீட்டுக்கு வந்தது.

எத்தனை தடவை கழுவினாலும் மரையின் பள்ளத்துக்குள் உங்கள் விரல் போகுமா? துணி போகுமா? அங்கேதான் மருந்து ஒளிந்திருக்கும். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் மருந்தை ஊறிக் குடித்திருக்கும். பிளாஸ்டிக் சுவரும் அப்படித்தான். பார்க்கச் சுத்தம், வாசனையும் இல்லை, ஆனால் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கும். டிரம்மை எடுக்காமல் மூடியை மட்டும் எடுத்து வந்து வீட்டுத் தண்ணீர் டிரம்முக்குப் போடுகிறவர்களும் உண்டு. அதுவும் அதே கதைதான்.

பராக்குவாட் என்ற களைக்கொல்லியை நம் மக்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நகம் உதிர்ந்ததும், மூக்கில் இரத்தம் வந்ததும், கண் எரிந்ததும் தோட்டத்துப் பெண்களின் அனுபவம். 2002-ஆம் ஆண்டில் தெனாகானித்தா என்ற அமைப்பு தோட்டத்து மருந்தடிப்புப் பெண்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கையாகவே வெளியிட்டது. அதே ஆண்டில் அரசாங்கம் அந்த மருந்தைத் தடை செய்வதாக அறிவித்தது. 2006-இல் தடையைத் தளர்த்தியது. கடைசியில் 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து முழுத் தடை வந்தது. மருந்து போய்விட்டது. ஆனால் அது இருந்த பழைய டிரம் யார் வீட்டுக் கொல்லையில் நிற்கிறதோ, யார் கண்டது? வேறு மருந்துகளும் இன்றுவரை புழக்கத்தில்தான் இருக்கின்றன.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது தெரியுமா? 2005-ஆம் ஆண்டுக் கழிவு விதிகளின்படி, பூச்சிமருந்து ஒட்டிய காலிக் கலன் சாதாரணக் குப்பை அல்ல. தனியாகப் பட்டியலிட்டு, முறைப்படி ஒப்படைக்க வேண்டிய ஆபத்தான கழிவு. காலியானதும் மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரை மருந்துத் தொட்டியிலேயே சேர்த்து, மறுபடி யாரும் பயன்படுத்தாதபடி கலனில் துளை போட்டு வைப்பதுதான் நல்ல முறை. அது நிர்வாகத்தின் பொறுப்பு. ஆகவே, "துளை போட்டு ஒரு நல்ல டிரம்மைக் கெடுக்கிறார்களே" என்று வருத்தப்படாதீர்கள். அந்தத் துளை உங்கள் பிள்ளையைக் காப்பதற்காகப் போடப்பட்டது. துளை போடாத மருந்து டிரம் கண்ணில் பட்டால் மண்டோரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

தண்ணீருக்கு டிரம் வேண்டுமென்றால் உணவுப் பொருள் வந்த டிரம்மாகப் பார்த்து வாங்குங்கள். அதில் முன்பு என்ன இருந்தது என்று கடைக்காரரைக் கேளுங்கள். ஒட்டிய சீட்டைப் பாருங்கள். சீட்டும் இல்லை, பதிலும் இல்லையென்றால் அந்த டிரம் வேண்டவே வேண்டாம்.

கொசுவுக்குக் கொடுத்த வீடு

நல்ல டிரம் வாங்கிவிட்டீர்கள். நல்ல தண்ணீரும் பிடித்துவிட்டீர்கள். மூடி எங்கே? தகரத் துண்டும், உடைந்த பலகையும் மூடி ஆகுமா? ஈ நுழையாத இடத்தில் ஏடிஸ் கொசு நுழையும்!

டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் சாக்கடையில் வாழ்வதில்லை. அது விரும்புவது நம் வீட்டு டிரம்மில் தெளிந்து நிற்கும் தண்ணீரை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் முட்டைகளை ஒட்டிவிட்டுப் போகும். தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் முட்டை சாவதில்லை. காய்ந்த நிலையில் மாதக் கணக்கில் காத்திருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். முட்டை கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு முறை தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். மரை உள்ள வாயையும், மூடியின் உள்பக்கத்தையும் பல் துலக்கும் பழைய பிரஷ் கொண்டு தேய்க்க வேண்டும்.

இன்னோர் இடம் உண்டு. அதை யாரும் பார்ப்பதே இல்லை. துணி காயப் போடும் கொடிக்குக் குழாயைத்தானே கம்பமாக நட்டிருக்கிறோம்? வேலிக்கும், கோழிக் கூண்டுக்கும், பந்தலுக்கும் குழாய்தானே? மேல்முனை திறந்தே இருக்கிறது. மழைநீர் உள்ளே இறங்கி நிற்கிறது. வீட்டைச் சுற்றி எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்துவிட்டு, "இத்தனை சுத்தமாக இருந்தும் கொசு எங்கிருந்து வருகிறது?" என்று வியக்கிறோம். தலைக்கு மேல் நிற்கும் கம்பத்துக்குள் கொசு குடித்தனம் நடத்துகிறது! ஒரு மரை மூடியோ, ஒரு பிடி சிமெண்டோ போதும்; அந்தக் குடித்தனம் காலி.

கொசு உற்பத்தியாக இடம் கொடுப்பது நம் நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சுகாதார அதிகாரி வந்து டார்ச் அடித்துப் பார்த்துச் சீட்டு எழுதினால் தண்டம் கட்ட வேண்டும். தண்டம் கிடக்கட்டும்; டெங்கியில் படுத்த பிள்ளைக்கு எந்த அதிகாரி விலை போடுவார்?

வெள்ளக் காலத்தில் இது இரட்டிப்பு ஆபத்து. 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் ஜொகூர் பட்ட பாட்டை மறக்க முடியாது. 2023 மார்ச்சிலும் பத்து பாகாட் மாவட்டத்தில் வெள்ளம் வடியாமல் நின்று, மக்கள் நிவாரண மையங்களில் தங்க நேர்ந்தது. வெள்ளத்தில் மூடியில்லாத டிரம் கவிழ்ந்தால் உள்ளே இருப்பதெல்லாம் ஊர் முழுக்கப் பரவும். இறுக மூடிய காலி டிரம்மோ மிதந்து போகும். கட்டி வைத்தால் மீளும். மூடாமல் விட்டால் சேறு நிரம்பி, வெள்ளம் வடிந்தபின் கொசுவுக்கும் எலிக்கும் வீடாகும்.

காலி டிரம் காலி அல்ல

திருவிழாவுக்குப் பெரிய அடுப்பு வேண்டும். குப்பை எரிக்க ஒரு தொட்டி வேண்டும். ஆட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி வேண்டும். உடனே ஒரு பழைய இரும்பு டிரம்மை எடுத்து, வெல்டிங் நெருப்பாலோ கிரைண்டராலோ வெட்டத் தொடங்குகிறோம். அப்பப்பா, இது எத்தனை பெரிய ஆபத்து தெரியுமா?

பெட்ரோல், தின்னர், டீசல் இருந்த டிரம் காலியானாலும் அதன் ஆவி உள்ளே இருக்கும். நிறைந்த டிரம்மில் ஆவிக்கு இடமில்லை. காலி டிரம்மிலோ ஆவியும் காற்றும் கலந்து ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். நெருப்பு பட்டதும் டிரம்மின் தலை பீரங்கிக் குண்டு போலப் பறக்கும். மூடியைக் கழற்றிவிட்டேன், ஆவி போயிருக்கும் என்று நம்பாதீர்கள். மரையிலும் மடிப்பிலும் ஒட்டிய எண்ணெய், சூடு பட்டதும் மறுபடி ஆவியாகும். முன்பு என்ன இருந்தது என்று தெரியாத டிரம்மை வெட்டவே கூடாது. மூடிய டிரம்மை நெருப்பின் அருகில் வைக்கவும் கூடாது.

என்ன செய்யலாம்?

வாசகர்களே, இவ்வளவையும் படித்துவிட்டு மலைக்க வேண்டாம். செய்ய வேண்டியவை எல்லாம் சின்னச் சின்ன வேலைகள்.

டிரம் வாங்கும்போதே மூடியைச் சிறு சங்கிலியாலோ நைலோன் கயிற்றாலோ டிரம்மோடு கட்டிவிடுங்கள். கட்டிய மூடி தொலையாது. ரப்பர் வளையம் வெடித்திருந்தால் புதிது போடுங்கள். இரும்பு மரைக்கு மாதம் ஒரு முறை கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். குடிநீர் டிரம்முக்கு மட்டும் கிரீஸ் வேண்டாம். மூடியை முதலில் கையால் திருகுங்கள். இரண்டு சுற்று சுலபமாக ஏறினால் சரியான வழி. ஆரம்பத்திலேயே முரண்டு பிடித்தால் கழற்றி மறுபடி வையுங்கள். ஸ்பேனர் கடைசியில்தான்.

வாங்கி வைத்த குழாய்க்குத் தொப்பி இல்லையா? பழைய பிளாஸ்டிக் பையை இரண்டாக மடித்து நுனியில் போர்த்தி, சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையத்தால் இறுகக் கட்டுங்கள். பொருத்துவதற்கு முன் குழாயை நிறுத்தித் தட்டுங்கள். உள்ளே குடியேறியவர்கள் வெளியே வருவார்கள். டேப் சுற்றும்போது குழாய் நுனி உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் ஓடும் பக்கமாகச் சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் திருகும்போது டேப் சுருண்டு வந்துவிடும்.

மழைநீர் பிடிக்கும் டிரம்முக்கு வாயில் கொசுவலைத் துணியை இழுத்துக் கட்டுங்கள். தண்ணீர் போகும்; கொசு போகாது. மூடவே முடியாத தொட்டிக்குச் சுகாதார இலாகா சொல்லும் கொசுப்புழு மருந்தை, உறையில் எழுதிய அளவுப்படி போடுங்கள். மருந்து டிரம் எது, தண்ணீர் டிரம் எது, எண்ணெய் டிரம் எது என்று டிரம்மின் மேலும் மூடியின் மேலும் சாயத்தால் தமிழில் எழுதி வையுங்கள். வேறு மொழி படிக்கத் தெரியாத பாட்டியும் அதைப் படித்துவிடுவார். படிக்கத் தெரியாத பேரனுக்கு அவரே சொல்லிக் கொடுப்பார்.

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள். மூடியும் அப்படித்தான். நாள் முழுதும் வெயிலிலும் மழையிலும் உழைத்துச் சேர்த்த எண்ணெயும், தண்ணீரும், பிள்ளைகளின் உடல்நலமும் அந்தச் சிறு வட்டத்துக்குப் பின்னால்தான் பத்திரமாக இருக்கின்றன.

வாத்தியார் எழுதினால் வீட்டுப்பாடம் இல்லாமல் போகுமா? வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், பசியாறியதும், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். டிரம் எத்தனை, மூடி எத்தனை என்று அவர்களையே எண்ணச் சொல்லுங்கள். குழாய் நுனிகளையும், கொடிக்கம்பத்தின் உச்சியையும் மறக்க வேண்டாம். இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால் நீங்கள் தேறிவிட்டீர்கள். குறைந்தால், எத்தனை குறைகிறதோ அத்தனை மூடிகளை அன்றைக்கே வாங்கி வந்து மாட்டிவிடுங்கள்!